முக்காலி சொன்ன விடை

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்கள் எப்படி நிற்பார்கள்? நிற்கவே மாட்டார்கள். அந்த வீட்டில் இருந்த பத்து வயதுப் பெண் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது பள்ளிப் பதிவேட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் வெந்நீர்.

வெந்நீர் பல் தேய்க்கும் நேரத்தில் வீட்டை மூன்று சுற்று வந்துவிடுவாள். சாப்பிடும்போது அவள் கால் மேசைக்கு அடியில் தாளம் போடும். தூக்கத்தில்கூடத் தலையணை ஓர் ஊரில் இருக்கும், தலை வேறோர் ஊரில் இருக்கும்.

"என் பஸ்ஸுக்காவது பிரேக் இருக்கு," என்பார் அம்மா. அம்மா நகரப் பேருந்தின் ஓட்டுநர். பிரேக் விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் உலகத்திலேயே மெதுவான வேலை ஒன்று வந்து வாய்த்தது. அப்பாவின் கைக்காகக் காத்திருக்கும் வேலை.

அப்பா பூட்டுக்காரர். தெருக்கோடியில் சின்னக் கடை. சுவர் முழுக்கப் பல் வெட்டாத சாவிகள் தொங்கும். சாவியைத் தொலைத்தவர்கள் முகத்தையும் அதேபோலத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். அப்பா சீட்டியடித்துக்கொண்டே போய், கதவைத் திறந்து கொடுத்துவிட்டு வருவார். பூட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல்தான் பார்க்க வேண்டும். அப்பாவின் விரல்கள் நன்றாகப் பார்க்கும்.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கதவைத் திறக்கப் போனபோது, கதவில் இருந்த கண்ணாடி உடைந்து அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது.

மருத்துவமனையில் தோலைத் தைத்தார்கள். அறுந்த நரம்பையும் தைத்தார்கள். தோல் இரண்டு வாரத்தில் சேர்ந்துகொண்டது. நரம்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் பார்க்க விரல் மாதிரிதான் இருந்தன. கிள்ளினால் தெரியவில்லை. சூடு தெரியவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டால் உள்ளே இருப்பது சாவியா சீப்பா என்று புரியவில்லை.

அப்பாவின் சீட்டி அன்றைக்கு நின்றதுதான்.

நல்ல வேளையாகச் சொந்தத்திலேயே ஒரு நரம்பு ஆள் இருந்தார். அப்பாவின் தங்கை. வெந்நீருக்கு அத்தை. ஆராய்ச்சிக்கூடத்தில் நரம்பியல் விஞ்ஞானி. அறுந்த நரம்பு எப்படி மறுபடி வளர்கிறது, அதற்கேற்ப மூளை தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இத்தனை வருடமாக அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"நரம்பு ஒரு நீளமான கம்பி மாதிரி," என்றார் அத்தை. "அறுந்துட்டா, விரல் பக்கம் இருக்கிற துண்டு செத்துப் போயிடும். வெறும் குழாய்தான் மிச்சம். இந்தப் பக்கத்துலேருந்து புதுசா முளைச்சு, அந்தக் குழாய் வழியா விரல் நுனி வரைக்கும் போய்ச் சேரணும்."

"எவ்வளவு வேகமாப் போகும்?" என்று கேட்டாள் வெந்நீர்.

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்."

வெந்நீர் ஓடிப்போய் அளவுகோலை எடுத்துவந்தாள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இருந்த இடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை, இதை நத்தை பாத்தா சிரிக்கும்."

"தலைமுடி வளர்றதைவிட மூணு மடங்கு வேகம்," என்றார் அத்தை. பெற்ற பிள்ளையைக் குறை சொல்லிவிட்டதைப் போல அவர் குரல் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தை வருவார். அப்பாவின் மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாக லேசாகத் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் தட்டும்போது அப்பா, "ஷாக் அடிக்குது," என்பார். வளரும் நரம்பின் நுனி அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார் அத்தை. ஒரு வாரத்துக்கு ஏழு மில்லிமீட்டர். குளித்தால் புள்ளி அழிந்துவிடும் என்பதால், வெந்நீர் ஒரு நோட்டில் அப்பாவின் கையை வரைந்து அதில் புள்ளிகளைக் குறித்துவைத்தாள். எறும்பு ஒன்று மணிக்கட்டிலிருந்து கிளம்பி, கட்டைவிரலைப் பார்க்க நடந்துபோவது மாதிரி இருந்தது.

நான்கு மாதம் ஆனதும் அத்தை அவளுக்கு ஒரு பதவி கொடுத்தார். தினசரிச் சோதனையாளர்.

ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு, அதற்குள் அப்பா கையை விட வேண்டும். அப்பாவுக்குத் தன் கை தெரியாது. மறுபக்கம் வெந்நீர் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒரு குச்சி. குச்சியின் நுனியில் மெல்லிய நைலான் இழை ஒட்டியிருக்கும். இழையால் ஒரு விரலைத் தொட்டு, "ம்," என்று சொல்ல வேண்டும். எந்த விரல் என்று அப்பா சொல்ல வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல். ஒவ்வொன்றும் ஐந்து தடவை. மொத்தம் இருபது.

"மோதிரவிரல்?" என்று கேட்டாள் வெந்நீர்.

"அது ரெண்டுங்கெட்டான். பாதி ஒரு நரம்பு, பாதி வேற நரம்பு. விட்டுடு. சுண்டுவிரலுக்கு அடிபடாத நரம்பு. அது எப்பவும் சரியாச் சொல்லும்."

அத்தை ஒரு விதியும் போட்டார். "தொடர்ந்து மூணு நாள் பதினெட்டோ அதுக்கு மேலயோ வந்தா, அண்ணா, சாவி வெட்டுற மெஷினைத் தொடலாம். அதுவரைக்கும் அது பக்கமே போகக் கூடாது. அந்தச் சக்கரம் சாவி எது விரல் எதுன்னு பாக்காது. விரலுக்கும் வலிக்கலேன்னா, வெட்டுப்பட்டதே உனக்குத் தெரியாது."

முதல் வாரம் ஏழு. அடுத்த வாரம் பதினொன்று. பிறகு பதினான்கு. ஒவ்வொரு நாளும் பள்ளியிலிருந்து வந்ததும் வெந்நீர் பையை வீசிவிட்டு முக்காலியில் ஏறி உட்காருவாள். இந்தப் புதன்கிழமை பதினெட்டு. வியாழன் பத்தொன்பது. வீட்டில் எல்லாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா ஒரு பலகையை எடுத்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்: 'திங்கள் முதல் கடை உண்டு.'

எழுதும்போது சீட்டியடித்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் சீட்டி. அம்மா சமையலறையில் கையில் கரண்டியோடு அப்படியே நின்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை. மூன்றாவது நாள்.

"ம்," என்றாள் வெந்நீர்.

"கட்டைவிரல்," என்றார் அப்பா.

வெந்நீர் நோட்டில் சரி போடக் குனிந்தாள். அப்போதுதான் கவனித்தாள். நைலான் இழை தரையில் கிடந்தது. எப்போது விழுந்ததோ. அவள் கையில் இருந்தது மொட்டைக் குச்சி. அது அப்பாவின் விரலைத் தொடவேயில்லை.

வெந்நீர் இழையை எடுக்காமல், ஆள்காட்டி விரல் பக்கம் சும்மா குச்சியைக் கொண்டுபோய், "ம்," என்றாள்.

"ஆள்காட்டி."

சுண்டுவிரல் தவிர மற்ற மூன்றையும் இப்படியே தொடாமல் கேட்டாள். அப்பா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

அப்பா பொய் சொல்கிறாரா? பெட்டியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? வெந்நீர் ஒரு துண்டை எடுத்து அப்பாவின் கண்ணைக் கட்டினாள்.

"இது எதுக்கு? கண்ணாமூச்சியா?" என்று சிரித்தார் அப்பா.

"சும்மாப்பா. அத்தை சொன்னாங்க." அத்தை சொல்லவில்லை.

கண்ணைக் கட்டிய பிறகும் விடைகள் சரியாகவே வந்தன.

"அப்பா, நிஜமாவே தெரியுதா?"

"தெரியுதே. பளிச்சுன்னு இல்ல. அந்தப் பக்கம் ஏதோ இருக்கிற மாதிரி தோணும். சொல்லிடுவேன். ஏன், எத்தனை?"

"பத்தொன்பது," என்றாள் வெந்நீர். அவள் குரல் பத்தொன்பது மாதிரியே இல்லை.

அப்பா சீட்டியடித்துக்கொண்டே எழுந்து போனார்.

மறுநாள் சனிக்கிழமை. வெந்நீர் காலையிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்பா கடைக்குப் போய் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடக் கிளம்பினார். தொடலாம் என்று அத்தை இன்னும் சொல்லவில்லை. துடைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லையாம்.

"இவளைக் கொஞ்சம் உன்கூடக் கூட்டிட்டுப் போ," என்று அம்மா அத்தையிடம் தொலைபேசியில் சொன்னார். "தரை தேஞ்சுடும் போலிருக்கு."

அத்தைக்குச் சனிக்கிழமையும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை இருந்தது. அங்கேயே அவளையும் கூட்டிப்போனார். அவர் கண்ணாடித் தட்டுகளில் நரம்புச் செல்களை வளர்க்கிறார். அவற்றுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். இளஞ்சிவப்பு நிறத் தண்ணீர்தான் சாப்பாடு. செல்களுக்கு விடுமுறை என்றால் என்னவென்றே தெரியாது.

"இதுல பாரு," என்று மைக்ராஸ்கோப் முன்னால் அவளை உட்காரவைத்துவிட்டு, அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளைக் கவனிக்கத் தொடங்கினார்.

வெந்நீர் பார்த்தாள். மெல்லிய இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் குட்டிக் கை மாதிரி ஒன்று. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவரைப் போல அது விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. அப்பாவின் கைக்குள்ளும் இப்படித்தான் ஏதோ ஒன்று துழாவிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

சில தட்டுகளில் நரம்பை வேகமாக வளர்க்கும் மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தட்டுகளின் மேல் எண்கள் மட்டும் எழுதியிருந்தன.

"எதுல மருந்து போட்டிருக்கீங்க?"

"எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில இருக்கிறவருக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் எண்ணி முடிச்ச பிறகுதான் எங்கிட்ட சொல்லுவாரு."

"நீங்கதானே விஞ்ஞானி?"

"அதனாலதான். மருந்து போட்டது எதுன்னு தெரிஞ்சுட்டா, அது நல்லா வளர்ந்திருக்கிற மாதிரியே என் கண்ணுக்குத் தெரியும். ஆசைப்பட்ட கண்ணு அப்படித்தான்." அத்தை திரும்பாமலேயே சொன்னார். "வலது பக்கம் ரொம்பச் சாயாதே. விழுந்து வைக்காதே."

வெந்நீர் வலது பக்கம்தான் சாய்ந்திருந்தாள்.

"நீங்க திரும்பவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

"உன் நாற்காலி கத்துதே. அதுக்குத் தனியாக் கண்ணு வேணுமா?"

வெந்நீர் அசையாமல் உட்கார்ந்தாள். அது அவளுக்கு எவ்வளவு அபூர்வம் என்றால், அத்தை என்ன ஆயிற்று என்று திரும்பியே பார்த்துவிட்டார்.

"அத்தை, எனக்கு வீட்டுக்குப் போகணும். இப்பவே."

அத்தை செல்களை மூடி வைத்துவிட்டு அவளை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுப்போனார். அப்பா கடையிலிருந்து திரும்பியிருந்தார்.

"அப்பா, ஒரு சோதனை. இன்னிக்கு நான் நின்னுக்கிட்டே பண்றேன்."

இழையை நன்றாக ஒட்டிக்கொண்டாள். நின்றபடி தொட்டாள். உண்மையாகவே தொட்டாள்.

"தெரியல," என்றார் அப்பா. "நடுவிரலா? இல்ல... தெரியல. இன்னிக்கு மெஷினைத் துடைச்சதுல கை களைச்சுப் போச்சு போல."

இருபதுக்கு ஏழு. அதில் ஐந்து சுண்டுவிரல்.

இப்போது வெந்நீர் முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டைவிரலைத் தொட எட்டிச் சாய்ந்தாள். முக்காலி 'க்ரீச்' என்றது. ஆள்காட்டிக்குப் பாதிதான் சாய வேண்டும். 'க்ரீ' என்றது. நடுவிரலுக்குச் சாயவே வேண்டாம். முக்காலி பேசவில்லை, அவள் கால் மட்டும் மேசைக்காலை 'டக், டக்' என்று உதைத்துக்கொண்டிருந்தது.

இருபதுக்குப் பத்தொன்பது.

"பாத்தியா, களைப்பு போயிடுச்சு," என்றார் அப்பா.

வெந்நீர் நோட்டில் எழுதினாள்: 'உட்கார்ந்து: 19.' அதற்குக் கீழே, எறும்பு எழுதியது போலச் சின்னதாக: 'நின்றுகொண்டு: 7.' நோட்டை மூடி, அதன் மேல் பாடப்புத்தகத்தை வைத்தாள். அதன் மேல் இன்னொரு பாடப்புத்தகத்தை வைத்தாள்.

சொன்னால் சீட்டி நின்றுவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை சக்கரம் சுற்றும்.

சாயங்காலம் முழுக்க அவள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஏறும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றும். எத்தனை படி ஏறினோம் என்று கணக்கு விட்டுப்போன பிறகு, மெஷினின் சக்கரம் கண்முன்னே வந்தது. அதன் பக்கத்தில், ஒன்றும் தெரியாத ஒரு கட்டைவிரல். அதற்கு மேல் அவள் இறங்கவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பேனாவோடு வந்தார். அம்மாவுக்கு அன்று விடுமுறை. அப்பா சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"நோட்டைக் கொண்டா, சோதனையாளரே. கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் அத்தை.

"அத்தை, போடாதீங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வெந்நீருக்குக் கால் பரபரத்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"அப்பா, பெட்டிக்குள்ள கையை விடுங்க. கடைசியா ஒரு தடவை."

அப்பா கையை விட்டார். வெந்நீர் குச்சியை எடுக்கவேயில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெறுமனே சாய்ந்தாள். க்ரீச். "ம்."

"கட்டைவிரல்," என்றார் அப்பா.

க்ரீ. "ம்."

"ஆள்காட்டி."

அத்தையின் கையில் இருந்த பேனா மெதுவாகக் கீழே இறங்கியது.

வெந்நீர் பெட்டியைத் தூக்கினாள். அப்பா, மேசைமேல் தனியாகக் கிடந்த தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ தொடவே இல்லையா?"

"இல்லப்பா. முக்காலிதான் பேசுது. க்ரீச்னா கட்டைவிரல். நான்தான் ஆடிக்கிட்டே இருந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். நீங்க பொய் சொல்லல. உங்க மூளை என்னைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கு. உங்ககிட்டயே சொல்லாம."

அப்பா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வாசலில் சாய்த்து வைத்திருந்த பலகை அங்கிருந்து தெரியும்.

"அப்ப அஞ்சு மாசமா ஒண்ணுமே வரலையா?"

அதற்கு அத்தைதான் பதில் சொல்ல வேண்டும். அத்தையோ நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்மேல அண்ணா. அங்க ஒரு தட்டை எண்ணணும்னாகூட எது என்னன்னு தெரியாமத்தான் எண்ணுவேன். ஆனா உன் கைக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும்னு விட்டுட்டேன். நோட்டைப் பாத்துட்டு, ஆகா, ஏறுது ஏறுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். இந்த வீட்டு வாசல்ல செருப்பை விடும்போதே விஞ்ஞானியையும் வெளியில விட்டுட்டு, தங்கச்சி மட்டும் உள்ள வந்திருக்கேன்."

"சரி விடு," என்றார் அம்மா. "ரெண்டையும் இப்ப உள்ள கூப்பிடு. அடுத்து என்ன?"

"மறுபடியும் சோதனை வைக்கலாம்," என்றாள் வெந்நீர். "சரியா. நான் ஆடாம உக்காருறேன்."

"யாரு, நீயா?" என்றார் அம்மா. அந்த நிலைமையிலும் அப்பாவின் உதடு லேசாகக் கோணியது.

அத்தை இருபத்தைந்து துண்டுச்சீட்டு எழுதினார். ஒவ்வொரு விரலுக்கும் ஐந்து. மீதி ஐந்து சீட்டில் 'தொடாதே' என்று எழுதினார். குலுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். முக்காலியின் மூன்று கால்களுக்கும் பழைய காலுறைகளை மாட்டினார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அப்பா சொல்வதை மட்டும் எழுத வேண்டும். வெந்நீர் சீட்டை எடுத்துப் பார்த்து, வரிசையாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அதுதவிர அவளுக்கு ஒரே வேலை, ஆடாமல் இருப்பது.

மூன்றாவது சீட்டில் மூக்கு அரித்தது. ஏழாவது சீட்டில் வலது கால், தனக்கு அவசரமாக எங்கோ போக வேண்டும் என்றது. பத்தாவது சீட்டில் ஓர் ஈ வந்து அவள் காதுமேல் குடியேறி, அங்கேயே வீடு கட்டப் போவது போல நடந்து பார்த்தது. பதினைந்தில், உலகத்தில் இதுவரை யாரும் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சைக்கூடச் சிறுசிறு துண்டாக விட்டாள்.

இருபத்தைந்தாவது சீட்டு முடிந்ததும், முக்காலியோடு சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா எழுதியதையும் சீட்டுகளையும் ஒத்துப் பார்த்தார்கள். சுண்டுவிரல், ஐந்துக்கு ஐந்து. நடுவிரல், பூஜ்யம். ஆள்காட்டி, ஒன்று. கட்டைவிரல், பூஜ்யம்.

"ஆறு," என்றார் அப்பா. "முதல் வாரமே ஏழு வாங்கினேன்." அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். இஸ்திரி கலைந்தது.

வெந்நீர் காகிதத்தை விடவில்லை. மார்க் பார்ப்பதை விட்டுவிட்டு, தப்பான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளும் கணக்குப் பாடத்தில் நிறையத் தப்பு செய்கிறவள்தான். ஆனால் அவளுடைய தப்புகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. இவை அப்படி இல்லை.

"அத்தை, இதைப் பாருங்க. நடுவிரலைத் தொட்டப்ப எல்லாம் அப்பா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லியிருக்காரு. தொடாதப்பவும் அப்படித்தான். ஆனா கட்டைவிரலை அஞ்சு தடவை தொட்டேன். நாலு தடவை 'ஆள்காட்டி'ன்னு சொல்லியிருக்காரு. தப்புதான். ஆனா நாலும் ஒரே தப்பு."

அத்தை காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பிறகு அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, தானே இழையால் கட்டைவிரல் நுனியைத் தொட்டார்.

"ஆள்காட்டி," என்றார் அப்பா. "இப்ப ஆள்காட்டியைத்தானே தொட்டே?"

அத்தை இன்னொரு தடவை தொட்டார். ஒரு தடவை தொடுவது போல வந்து தொடாமல் நின்றார்.

"ஆள்காட்டி. இப்ப ஒண்ணுமில்ல."

"தபால் வந்துடுச்சு அண்ணா," என்றார் அத்தை. "தபால்காரரு பக்கத்து வீட்டுல போட்டுட்டாரு. அவ்வளவுதான்."

"புரியிற மாதிரி சொல்லு."

"முன்னாடி ஆள்காட்டி விரலுக்குப் போன கம்பி, வழி தவறிக் கட்டைவிரல் குழாய்க்குள்ள நுழைஞ்சு, நுனிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. உன் மூளைக்கு அது தெரியாது. இந்தக் கம்பியில சேதி வந்தா ஆள்காட்டின்னு நாப்பது வருஷமாப் பழகியிருக்கு. ஆனா நிஜமான சேதி. முக்காலி சொன்னது இல்ல."

"வயர் மாறிப் போச்சு," என்றார் அப்பா மெதுவாக. பூட்டுக்காரருக்கு அது புரிந்தது. "மாத்திக் கொடுக்க முடியுமா?"

"வயரை மாத்த முடியாது. மூளை வீட்டு நம்பரை மாத்திக்கும். கட்டைவிரலைத் தொடணும், கண்ணால பாக்கணும். கண்ணை மூடிக்கிட்டுத் தொடணும். மறுபடி பாக்கணும். ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்துப் பத்து நிமிஷம். முக்காலி பாஷையை மூணே வாரத்துல கத்துக்கிட்ட மூளை அண்ணா உன்னோடது. சொந்த விரலைக் கத்துக்காதா?"

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள் வெந்நீர்.

"தெரியாது," என்றார் அத்தை. "இந்தத் தடவை நிஜமாவே தெரியாது."

அப்பா வாசலுக்குப் போனார். பலகையை எடுத்தார். அழிக்கப்போகிறார் என்று வெந்நீர் நினைத்தாள். அவர் அழிக்கவில்லை. 'திங்கள் முதல் கடை உண்டு' என்பதற்குக் கீழே, இடது கையால் இன்னொரு வரி சேர்த்தார்: 'சாவி வெட்ட இன்னும் கொஞ்ச நாள்.'

"பூட்டுக்கு எண்ணெய் போடவும், வர்றவங்ககிட்ட வாயடிக்கவும் கட்டைவிரல் எதுக்கு?" என்றார்.

சீட்டி வரவில்லை. ஆனால் வீட்டில் யாரும் ஜன்னலோரம் போயும் நிற்கவில்லை.

அதன்பிறகு தினமும் நான்கு தடவை பத்து நிமிடம். பார்ப்பதும் மூடுவதும் தொடுவதும். சில நாள் அப்பாவுக்கு எரிச்சல் வந்தது. சில நாள் வெந்நீருக்கு வந்தது. மார்க் ஏழானது, மறுபடி ஆறானது, எட்டுக்கு ஏறி இரண்டு வாரம் அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். முக்காலி காலுறையைக் கழற்றவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெந்நீருக்கும் சொல்லவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் வலது கையை விட்டார். வெந்நீர் காலுறை போட்ட முக்காலியில், மூச்சைத் துண்டு துண்டாக விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"பட்டன்," என்றார் அப்பா. சரி.

"இது... தெரியல." அது பாட்டில் மூடி.

அடுத்ததை எடுக்க வெகு நேரம் ஆனது. பைக்குள் அவருடைய கட்டைவிரல் எதையோ மெதுவாக வருடிக்கொண்டிருப்பது துணிக்கு வெளியே தெரிந்தது. முன்னால் போனது. பின்னால் வந்தது. ஓர் இடத்தில் நின்றது.

"சாவி," என்றார் அப்பா.

யாரும் சரி என்று சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"பழைய சாவி. மூணாவது பல்லு தேஞ்சிருக்கு. யாரோ தினமும் அவசரத்துல வளைச்சு வளைச்சுத் திறக்கிற சாவி." அவர் கண்ணைத் திறக்காமலேயே வெந்நீர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நம்ம வீட்டுச் சாவி. உன்னோடது."

"எந்த விரல்ல தெரியுது?" என்று கேட்டார் அத்தை.

"கட்டைவிரல்ல," என்றார் அப்பா. "கட்டைவிரல்லதான்."

வெந்நீர் அதை நோட்டில் எழுதினாள். தேதி போட்டாள். கீழே கோடு போட்டாள். நோட்டை மூடினாள். அவள் அசையாமல் உட்கார்ந்து சரியாகப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

"இப்ப எழுந்துக்கலாமா?" என்று கேட்டாள்.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதிலிருந்து சீட்டிதான் வந்தது. அது வாசலைத் தாண்டுவதற்குள் வெந்நீர் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.